ஒரு பழைய வேகன் ஆரும் ஐந்து தடவை ஆர்டிஓவும்

ஆர்சி கார்டு நேற்றுதான் கைக்கு வந்தது. வண்டி வீட்டுக்கு வந்து எழுபத்தொரு நாள் ஆகிறது. இடையில் ஆர்டிஓ ஆபீசுக்கு ஐந்து நடை, பேங்குக்கு மூன்று நடை, அரை நாள் லீவு போட்டுப் போட்டு இனி போட லீவே இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய மாருதி வேகன் ஆர் கார் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது ஒரு நடை மிச்சமானாலும் சரி.

இந்தப் பெட்டி வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தது நான் இல்லை, அம்மாவின் முட்டி. மாதம் ஒரு தடவை தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மாமாவின் தாழ்வான காரில் ஏற்றும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "இருடா, இருடா" என்று சொல்லியபடி பள்ளத்தில் இறங்குவதுபோல இறங்குவார். எழும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டு வேகன் ஆரில் ஒரு நாள் உட்காரவைத்துப் பார்த்தேன். திரும்பி நின்றார், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார், காலை எடுத்து உள்ளே வைத்தார். அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். யூடியூபில் எத்தனை ரிவ்யூ பார்த்தாலும் இது தெரியாது.

அடுத்தது கேட். எங்கள் காம்பவுண்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் 5 அடி 9 அங்குலம். வண்டியின் அகலம் 1620 மில்லிமீட்டர், அதாவது 5 அடி 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் ஐந்து அங்குலம். சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, கம்பெனி சொல்லும் அகலத்தில் சைடு மிரர் சேராது. தினமும் இரண்டு மிரரையும் மடக்கித்தான் உள்ளே விடுகிறேன். அந்த இடுக்கைத் தாண்டி நிறுத்திய பிறகும் டிரைவர் கதவை முழுதாகத் திறக்க முடியாது, ஒருக்களித்து இறங்க வேண்டும். நான் ஒல்லி, பரவாயில்லை.

புதுசா பழசா என்று ஒரு மாதம் வீட்டில் விவாதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் புதுசு வாங்கும் ஆசை வந்தது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 5 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 13 சதவீதம், கூடவே மூன்று வருட தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை ஒரே அடியாகக் கட்ட வேண்டும். ஆன்ரோடு என்று கடைசி வரியைப் பார்த்தபோது நான் வைத்திருந்த நாலரை லட்சம் எங்கேயோ கீழே நின்றது. மச்சான் ஒரு நியாயமான பாயின்ட் சொன்னார். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் இந்த வண்டிக்கு 2019இல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், 2023இல் ஒன்றுதான். இப்போது வரும் புது வண்டியில் ஆறு ஏர்பேக் இருக்கிறது, பழசில் அது கிடையாது. மறுக்க முடியவில்லை. மாதம் நானூறு கிலோமீட்டர், அதுவும் எம்.சி. ரோடு நெரிசலில் இருபதைத் தாண்டாத வேகம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பழசு பார்க்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது 2021 கடைசியில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் பக்கத்து சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். நான் பார்த்த ஆறு வண்டிகளில் இரண்டில் இல்லை.

இந்த ஆறில் இரண்டு கதைகள் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது மாதவரம் பக்கம் ஒரு யார்டில். 2019 மாடல், வெள்ளை, துடைத்துப் பளபளவென்று இருந்தது. பின் கதவில் '1.2' என்று ஒட்டியிருந்தது. புரோக்கரும் "சார், இது ஒன் பாயின்ட் டூ, நாலு சிலிண்டர், பிக்கப் பாருங்க" என்று அதற்கேற்ற விலை சொன்னார். ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். எனக்குச் சந்தேகம், ஆனால் சொல்லத் தெரியவில்லை. ஆர்சி நகலைக் கேட்டேன். சிசி என்ற இடத்தில் 998. அது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். 1.2 என்றால் 1197 என்று இருக்க வேண்டும். என்ஜின் எண்ணும் கே10 என்றுதான் தொடங்கியது. புரோக்கர் அசரவே இல்லை. "போன ஓனர் ஆசைக்கு ஒட்டிக்கினாரு சார்" என்றார். ஆசைக்கு ஒட்டிக்கொண்டதற்கு எண்பதாயிரம் ரூபாய் அதிகமா என்று கேட்டுவிட்டு வந்தேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே பேரம் அதுதான்.

இரண்டாவது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பையில் பணத்தோடு போயிருந்தேன். மெக்கானிக் பாயைக் கூட்டிப்போனது ஒரு சடங்குக்குத்தான். வண்டி 2020 மாடல், ஒரே ஓனர், முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, விலையும் மற்றதைவிடக் குறைவு. பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன் சீட்டு பெல்ட்டை இழுத்தார், கடைசி வரை இழுத்தார். வெளியே இருக்கும் பகுதி சாம்பல், உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு சாண் வேறு நிறம், பழுப்பு. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி, குனிந்து, சீட்டு ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஏதோ வந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். கிரீஸ் வாசனை இல்லை.

"வாணாம் தம்பி. இது தண்ணில நின்ன வண்டி இல்ல, எண்ணெய்ல நின்ன வண்டி."

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. மணலி பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எர்ணாவூர், எண்ணூர் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதே, அதே கோடு ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் உள்பக்கமும் இருந்தது. மேலே புது மேட் போட்டு மூடியிருந்தார்கள். சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டதும் கிடைத்தது, 2023 நவம்பர் வரை ஒழுங்காக இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வெற்றிடம். விற்பவர் "ஊருக்குப் போயிருந்தோம்" என்றார். பாய் என்னிடம் வாங்கியது ஆயிரம் ரூபாயும் ஒரு டீயும். இன்றைக்கும் அந்த வண்டி யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் வயிறு என்னவோ செய்கிறது.

வெள்ளம் படாத வண்டியாக இருந்தாலும் கடற்காற்று விடாது. காசிமேடு, திருவொற்றியூர் ஓரம் வெயிலிலும் காற்றிலும் நின்ற வண்டி என்றால் கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வீல் ஆர்ச்சின் உள்மடிப்பையும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு. காந்தம் ஒன்று எடுத்துப்போனால் பட்டி வைத்துப் பூசிய இடத்தில் சரியாகப் பிடிக்காது.

கடைசியில் வாங்கியது வேறொன்று. 2021 விஎக்ஸ்ஐ, ஒரு லிட்டர், 38 ஆயிரம் கிலோமீட்டர், பெரம்பூரில் நேரடி ஓனர். நான் போகும் நேரத்தைச் சொல்லாமல் போய் பானெட்டில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. குளிர்ந்த என்ஜின் ஒரே சாவியில் எடுத்தது. பேசின் பிரிட்ஜ் மேம்பால ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று உரசிக்கொண்டு கடந்தபோது வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. உயரமான, எடை குறைந்த வண்டி, கடற்காற்று வேறு. அது பழுது இல்லை, குணம். புது வண்டிக்கு ஜிஎஸ்டி குறைந்ததைச் சொல்லிச் சொல்லியே 4.40இலிருந்து 4.05க்கு இறக்கினேன்.

இதுவரை எல்லாம் சுகம்தான். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டபோது இன்சூரன்ஸ் இருந்தது, சலான் பாக்கி இல்லை. ஃபைனான்ஸ் என்ற இடத்தில் மட்டும் ஒரு பேங்கின் பெயர். "லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார், பேப்பர்ல எடுக்கல, அவ்ளோதான்" என்றார் ஓனர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த "அவ்ளோதான்" என் எழுபத்தொரு நாளைத் தின்றது. ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்: ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் பேங்க் கடன் பதிவு, கேன்சல் ஆகும் வரை இருபத்தைந்தாயிரத்தைத் தர மாட்டேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அது மட்டும் இல்லாவிட்டால் அவர் என் போனை எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் பூர்த்தி செய்து ஆர்டிஓவுக்கு முதல் நடை போனேன். ஆன்லைன் விண்ணப்பத்தில் ஓனரின் பதிவான நம்பருக்கு ஓடிபி போகும். அந்த சிம்மை அவர் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார். நம்பரை மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது நடையில், "ஃபார்ம் 35 எங்கே?" கடன் முடிந்ததற்கு பேங்க் கையெழுத்துப் போடும் தாள் அது, இரண்டு பிரதி வேண்டும். பேங்க் அதை அப்போதே தந்திருக்கிறது, ஓனர் வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டார். தவிர, அந்தக் கடிதத்துக்கு 90 நாள்தான் ஆயுள் என்று பேங்கில் சொன்னார்கள், கிடைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. புதிது வாங்க மூன்று வாரம். கடன் கொடுத்த கிளை ஒன்று, கையெழுத்துப் போடுவது வேறொன்று.

மூன்றாவது நடை. கவுன்டரில் இருந்தவர் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "சேஸிஸ் நம்பர் தப்பு." ஒரு 3 இருக்க வேண்டிய இடத்தில் பேங்க் 8 அடித்திருக்கிறது. வண்டியில் பொறித்த சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு டார்ச் அடித்து ஒப்பிட்டவன் நான், பேங்க் தாளோடு ஒப்பிடத் தோன்றவில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் அதே கவுன்டரில் முதல் நாளே "என்னென்ன வேண்டும், ஒரு தடவை மொத்தமாகச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டபோது, "முதல்ல நம்பர மாத்திக்கினு வாங்க" என்று ஒன்றைத்தான் சொன்னார். ஃபார்ம் 35 என்ற பெயரை அன்றைக்கே சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம். வாசலில் நின்ற ஏஜென்ட் ஒருவர், "என்னிட்ட வந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பேங்குக்கு இன்னொரு தடவை நானே போனேன்.

நாலாவது நடையில் வாங்கிக்கொண்டார்கள். ரசீதைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். ஆன்லைனில் ஃபைனான்ஸ் இடம் காலியானதும் மிச்சப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஐந்தாவது நடை எங்கள் வீட்டுக் கூத்து. ஆர்சியை இப்போது கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்டில்தான் வரும். போஸ்ட்மேன் வந்த நாளில் நாங்கள் அம்மாவோடு ஸ்டான்லியில். திரும்பிப் போய்விட்டது. நேரில் போய்க் கேட்டால் தர மாட்டார்கள், விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள். விண்ணப்பித்த பின் பத்துப் பதினைந்து நாள் வீட்டில் யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

இன்சூரன்ஸ் மாற்றம் சுலபமாக முடிந்தது. உரிமை மாறிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தெரியாதது, நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய ஓனருக்குத் தந்த தள்ளுபடியின் மிச்சத்தை என்னிடம் வசூலித்தார்கள். பேரம் பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

நேற்று ஆர்சி வந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் செங்குன்றம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். இன்று காலை பழைய ஓனர் போன் செய்தார். இனி என்ன பாக்கி என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"சார், நேத்து சூரப்பட்டு டோல் போனீங்களா? என் அக்கவுன்ட்ல காசு போயிருக்கு."

ஃபாஸ்டேக்கை மறந்தே போனேன்.