கூட்டுத்தொகை இல்லாத அட்டவணை

"கூட்டுத்தொகை எங்கே?" என்று கேட்டார், அலுவலகத்தில் எனக்கு மூத்தவர்.

அட்டவணையில் இடப்பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தின் பாதிப்புகள், வலப்பக்கம் காற்றாலையின் பாதிப்புகள். நிலம், நீர், காற்று, உயிரினங்கள், குடிபெயர்வு, கழிவு என்று வரிசைகள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, கடைசியில் மொத்த மதிப்பெண் வரவேண்டிய வரிசையை மட்டும் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

"கூட்ட முடியாது சார். நிலத்தடி நீர் இறங்குவதையும் பருந்து குறைவதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

"நீ கூட்டாவிட்டால் படிக்கிறவர்கள் கூட்டிக்கொள்வார்கள் தம்பி. நம்மைவிட மோசமாகக் கூட்டுவார்கள்."

பெங்களூர் அலுவலகத்தில் இதைவிடக் காரமான வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன. அவையெல்லாம் மறந்துவிட்டன. இது மட்டும் போகவில்லை. மின்திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம், தன் அதிகாரிகள் படிப்பதற்காக இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பீடு கேட்டிருந்தது. எந்தத் திட்டத்தின் தலைவிதியும் அதில் அடங்கியிருக்கவில்லை. அப்படியிருந்தும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் நெய்வேலிக்காரர். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். மேசையில் ஒரு பழுப்பு நிலக்கரிக் கட்டி வைத்திருப்பார், பாலித்தீன் உறைக்குள். வெளியே வைத்தால் ஈரம் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுமாம். உறைக்குள்ளும் அடியில் கொஞ்சம் தூள் சேர்ந்திருக்கும். நான் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம். அப்பா காற்றாடிக்காரர்களுக்கு நிலம் விற்ற பணத்தில்தான் கல்லூரிக்குப் போனேன். நியாயமாகப் பார்த்தால் அவர் நிலக்கரிக்கும் நான் காற்றுக்கும் வக்காலத்து வாங்கியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அவரவர் ஊர்ச் சோறு அவரவருக்கே தொண்டையில் நிற்கும் போலிருக்கிறது.

காற்றாலையின் கட்டங்களில் நான் எழுதியவை எதுவும் கற்பனை அல்ல. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் உள்ள சால்கேவாடி பீடபூமியில் ஆய்வு செய்து, பெங்களூரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றாலைகள் நிற்கும் இடங்களில் வேட்டைப் பறவைகள், அவை இல்லாத இடங்களில் காணப்பட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பிடித்துத் தின்ன ஆள் இல்லாமல் போனதால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. பெருகியதோடு நிற்கவில்லை, அவற்றின் பயமும் குறைந்திருந்தது. மனிதன் கிட்டே போகும்வரை ஓடாமல் இருந்தன. மேலே சுற்றும் இறக்கை கீழே ஓணானின் உடம்புக்குள் புகுந்து வேலை செய்கிறது. இதை 'உயிரினப் பாதிப்பு: குறைவு' என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்குக் கை வரவில்லை.

அழிவின் விளிம்பில் நிற்கும் பெரிய புல்வெளிப் பறவையான கானமயிலையும் சேர்த்தேன். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் காற்று, சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகளில் மோதி அது சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும்படி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதே நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. தளர்த்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நிலக்கரியிலிருந்து நாடு விலகியாக வேண்டும் என்பது. அந்தத் தீர்ப்பும் எங்கள் அட்டவணை போன்ற ஒன்றைத்தானே முன்னால் வைத்துக்கொண்டு திணறியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் நீதிபதிகள் கூட்டியே தீரவேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அவர் கையில் வைத்திருந்தது இரண்டே எண்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014இல் கொடுத்த இடைநிலை மதிப்புகள்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமானதை வெளிவிடுகிறது, நிலத்தில் நிற்கும் காற்றாலை, கான்கிரீட்டையும் இரும்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 11 கிராம்.

"அது ஒரு வரிசைதான் சார்," என்றேன்.

"அந்த ஒரு வரிசைக்காகத்தானே தம்பி இத்தனை காற்றாடியும்?"

பிறகு தண்ணீருக்கு வந்தார். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம். நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். சுற்று வட்டாரத்தில் அவருடைய பாட்டி வீட்டுக் கிணற்றில் சின்ன வயதில் கையாலேயே வாளி விட்டு மொண்டிருக்கிறார். அந்தக் கிணறு இப்போது குப்பை கொட்டும் இடம். 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எழுந்துபோய் அணைக்கவும் தோன்றவில்லை, தொடர்ந்து பார்க்கவும் முடியவில்லை என்றார். "அப்பாவின் ஓய்வூதியத்தில் அம்மா மருந்து வாங்கிக்கொண்டிருந்த நேரம்."

இதற்கு என்ன பதில் சொல்வது? கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே எங்கள் ஊரில் இன்றும் ஆடு மேய்கிறது. பழைய காற்றாடிகளில் பல்லிணைப் (கியர்) பெட்டியின் எண்ணெய் கசிந்து வெள்ளைக் கோபுரத்தில் கறுப்புக் கோடாக வழிந்திருக்கும். ஆடிக்காற்றில் அந்த இரைச்சலுக்குப் பயந்து பாட்டி மேற்குப் பக்கத்து ஜன்னலை அடைத்தே வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பயிர் அழிந்த கதைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலின் கதை எடுபடாது. எடுபடாது என்பதாலேயே அது பொய்யாகிவிடுமா என்று என்னுள் ஒரு முரண்டு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அட்டவணை கூட்டுத்தொகை இல்லாமலே போனது. முடிவு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட அவர்தான் அனுமதித்தார். காணொலிக் கூட்டத்தில் அந்த நிறுவனத்தின் அதிகாரி இரண்டு பக்கங்களையும் புரட்டிவிட்டு, "ஆக, இரண்டிலுமே பாதிப்பு இருக்கிறது, நன்றாகச் சமநிலையோடு எழுதியிருக்கிறீர்கள்," என்று பாராட்டினார். பாராட்டுத்தான். என் முகம் திரையில் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பக்கத்துக் கட்டத்தில் அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அன்று மதியம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

கூட்டியிருந்தால் மட்டும்? கரியமில வாயுவுக்கு நூற்றில் நாற்பது, உயிரினத்துக்கு ஐந்து என்று யாரோ எடை போடுவார்கள். காற்றாலை அமோகமாக ஜெயிக்கும். அதன் பிறகு ஏதாவதொரு மலை முகட்டில் நூறு கோபுரம் நட வரும்போது, 'மொத்த மதிப்பெண் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் பறவைப் பக்கத்தை யாரும் திறக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். பறவைகள் வலசை வராத மாதத்தில் ஒரு நாள் போய் நின்றுவிட்டு, 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று எழுதிய புண்ணியவான்கள் உண்டு. எடையை மாற்றிப் போட்டால் நிலக்கரியும் ஜெயிக்கும். தமிழ்நாட்டில் காற்று பலமாக அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை. மீதி மாதங்களில் விளக்கு எரியவேண்டும் என்பதற்குப் பெரிய எடை கொடுத்தால் போதும், கதை மாறிவிடும்.

ஆனால் அந்த அதிகாரி பேசிய நேரத்திலிருந்து, எடை போடாததும் எடைதான் என்று ஓர் எண்ணம் அரிக்கிறது. ஆறு வரிசை இந்தப் பக்கம், ஆறு வரிசை அந்தப் பக்கம்; ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே எழுத்து. ஊரே காலியாவதும் கம்பியில் பறவை மோதுவதும் ஒரே அளவுக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தன. அவர் சொன்ன 'மோசமான கூட்டல்' இதுதானோ? இருக்கலாம். அப்படியே இருந்தாலும், அதற்காகக் கட்டங்களில் இருப்பதை நான் குறைத்து எழுதியிருக்க முடியாது.

அவர் ஓய்வு பெற்றுக் கடலூர்ப் பக்கம் போய்விட்டார். அண்மையில் வேறொரு நிறுவனம், சூரிய மின்சாரத்தையும் சேர்த்து அதே போன்ற ஒப்பீடு கேட்டது. போனில் சொன்னேன். திரும்பச் சரிசெய்ய முடிகிற பாதிப்பு எது, முடியாதது எது என்று ஒரு வரிசை புதிதாகச் சேர்க்கிறேன் என்றேன். காற்றாடியைக் கழற்றி எடுத்துப் போகலாம். அடியில் கான்கிரீட் கிடக்கும், உருக்க முடியாத கண்ணாடி இழை இறக்கைகள் எங்காவது ஒரு காலி மனையில் கிடக்கும், ஆனாலும் மண் அங்கேயே இருக்கும். சுரங்கத்தைத் தூர்த்து மரம் நடலாம். பழைய வயல் வராது.

"அந்த வரிசைக்கு மட்டும் இரண்டு மடங்கு மதிப்பெண் போடு," என்றார்.

"அப்படிப் போட்டால் அது கூட்டல்தானே சார்?"

"ஆமாம்," என்று சிரித்தார். "உனக்குப் பிடிக்காதே."

எடைக்கென்று தனிக் கட்டங்கள் சேர்த்து, எந்த வரிசைக்கு எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அதை உங்கள் நிபுணத்துவத்துக்கே விட்டுவிடுகிறோம் என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.