பூட்ஸுக்குள் விரிக்கும் சென்சார் எதை அளக்கிறது?

பனிச்சறுக்கில் ஒருவருடைய சமநிலை எப்படி இருக்கிறது என்பதைப் பயிற்சியாளர்கள் இடுப்பையும் தோளையும் பார்த்தே கணித்துவிடுவார்கள். அவர்கள் பார்வைக்கு எட்டாத இடம் பூட்ஸின் உட்புறம்தான். அங்கே உள்ளங்காலுக்கு அடியில் விரிக்கும் மெல்லிய சென்சார் இன்சோல் தரும் வரைபடங்களைப் படிப்பதில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு.

இன்சோல் முழுவதும் சிறுசிறு அழுத்த உணரிகள் பரவியிருக்கும். எந்த உணரியின் மீது எவ்வளவு விசை விழுகிறது என்பதை நொடிக்குச் சுமார் 100 முறை பதிவுசெய்து, அவற்றின் எடையிட்ட சராசரியாக அழுத்தமையம் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த மையம் குதிகால் பக்கம் ஒதுங்கினால், சறுக்குபவர் பின்னால் சாய்ந்துவிட்டார் என்று பொதுவாகக் கொள்ளலாம். செங்குத்தான சரிவைக் கண்டு அஞ்சும் புதியவர்களிடம் இது அடிக்கடி தெரியும்.

வளைவில் திரும்பும்போதுதான் வரைபடம் சுவையாகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்பவருக்கு மையநோக்கு முடுக்கமே புவியீர்ப்பு முடுக்கத்தைச் சற்று மிஞ்சிவிடும்; சரிவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கால்கள் தாங்க வேண்டிய விசை உடல் எடையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தேர்ந்தவரிடம் இதன் பெரும்பகுதி வளைவின் வெளிப்புறக் காலுக்குப் போகும். ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடக்கால் கோடு இறங்க, வலக்கால் கோடு ஏற, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். பழகாதவரிடம் உட்புறக் காலின் கோடு இறங்கவே மறுக்கும்.

இருந்தாலும் இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பூட்ஸின் ஓடு விறைப்பானது என்பதால், முன்னால் சாயும்போது விசையின் ஒரு பங்கு காலின் முன்னெலும்பு வழியாக ஓட்டில் இறங்கி, உள்ளங்காலைத் தொடாமலே பலகைக்குப் போய்விடுகிறது. ஆகவே, பூட்ஸுக்கும் பலகைக்கும் இடையே பொருத்தும் விசைத்தட்டு காட்டுவதைவிட இன்சோல் குறைவாகவே காட்டும். பக்கிளை இறுக்கினாலோ இதற்கு நேர்மாறு: காலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தாலும் பாதத்தின் மேற்புறத்தை ஓடு அழுத்துவதால் திரையில் சுமை தெரியும். இடையில் பக்கிளைத் தளர்த்தி மறுபடி பூட்டியவரின் காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிடுவது வீண்வேலை. குளிரில் உணரியின் அளவு நகர்வது தனித் தொல்லை.

அதனால், சமநிலைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலிகளில் எனக்கு நாட்டமில்லை. கோடுகள் எப்போது வெட்டுகின்றன, இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பவற்றையே முதலில் பார்க்கிறேன். நேரக்கணக்கை பக்கிள் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. பூட்ஸின் மேற்பகுதியில் ஓர் அசைவு உணரியையும் மாட்டிவிட்டால், பலகை எவ்வளவு சாய்ந்திருந்தபோது சுமை மாறியது என்பதும் கிடைத்துவிடும்.