ஷிஃப்ட் வேலைக்கு நடுவே என்பிடெல் படித்த கதை

டிப்ளமோ முடித்துவிட்டு குவாலிட்டி டிபார்ட்மென்டில் சேர்ந்தவர்களை சீனியர் இன்ஸ்பெக்டர் வரைக்கும் அனுபவமே கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் "பி.இ. இருக்கா?" என்ற கேள்வி வந்து நிற்கும். கோவையில் வாகன உதிரிபாகங்களை சிஎன்சியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) மெஷினிங் செய்து கொடுக்கும் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இங்கே பகுதிநேர பி.இ. நடத்தும் கல்லூரிகள் உண்டு. ஆனால் வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவன் தினமும் சாயங்காலம் வகுப்பில் போய் உட்கார வழியே இல்லை. ஆன்லைன் படிப்புப் பக்கம் நான் வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இன்னொரு காரணம் ஆடிட். சிபிகே (தயாரிப்பு முறை அளவு வரம்புக்குள் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று காட்டும் எண்) எவ்வளவு, எம்எஸ்ஏ (அளக்கும் முறையே நம்பகமானதா என்று பார்க்கும் ஆய்வு) செய்தீர்களா என்று கஸ்டமர் கேட்பார். எக்செல் ஷீட்டில் அளவுகளைப் போட்டால் விடை வந்துவிடும். அந்த விடை எப்படி வந்தது, சிபிகே 1.33க்குக் கீழே போனால் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதை விளக்கத்தான் எங்களிடம் ஆள் கிடையாது. அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எதைப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போனைத் திறந்தால் டேட்டா சயின்ஸ், ஏஐ, ஆறு மாதத்தில் வேலை, இஎம்ஐ வசதி என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. யாரையும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்குக் காலையில் வேலைக்குப் போனதும் கை வைக்க வேண்டிய சிக்கல் எதுவோ, அதைச் சொல்லிக்கொடுக்கும் படிப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. படித்ததை அந்த வாரமே செய்து பார்க்க முடிகிற படிப்புதான் பாதியில் நிற்காது.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் படிப்புத் தளமான என்பிடெல்லில் சேர்ந்து பாடம் கேட்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய் கட்ட வேண்டும். ஐஐடி காரக்பூரின் 'சிக்ஸ் சிக்மா' பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன், 12 வாரம். தயாரிப்பில் பிழைகளைக் குறைக்க மோட்டோரோலாவில் 1980களில் உருவான முறை. பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 பிழைக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் இலக்கு.

வாரம் ஒரு அசைன்மென்ட் வரும். பன்னிரண்டில் நன்றாகச் செய்த எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு 25 மார்க் போடுவார்கள், மீதி 75 தேர்வுக்கு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 இருந்தால்தான் சான்றிதழ். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த எட்டுக் கணக்கு பெரிய உபகாரம். நைட் ஷிஃப்ட் வாரத்திலும், தீபாவளிக்கு முன்னால் டெஸ்பாட்ச் நெருக்கடியிலும் கெடு தவறினாலும் மொத்தமும் போய்விடாது. நைட் வாரத்தில் புத்தகத்தைத் தொடவே மாட்டேன். பகல் ஷிஃப்ட் வந்ததும் இரண்டு வாரப் பாடத்தைச் சேர்த்துப் பார்ப்பேன்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். லெக்சர் வேகத்துக்கு ஆங்கிலம் காதில் ஏறவில்லை. பாடத்தின் எழுத்து வடிவத்தை அவர்களே தருகிறார்கள். அதைப் பிரின்ட் எடுத்து கம்பெனி பஸ்ஸில் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்தபோது பாதிச் சிரமம் போய்விட்டது. ஆங்கிலத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

அளவுமுறை ஆய்வு, அதாவது எம்எஸ்ஏ, பற்றிய பாடம் வந்தபோதுதான் இந்தப் படிப்பு எனக்கானது என்று உறுதியானது. எங்களிடம் ஒரு அலுமினிய ஹவுசிங் (வெளிக்கூடு), அதில் 50 மி.மீ. போர் (துளை), டாலரன்ஸ் (அளவு மாற அனுமதி) மொத்தமே 25 மைக்ரான். ஒரு ஷிஃப்டில் ஓகே ஆனது அடுத்த ஷிஃப்டில் ரிஜெக்ட் ஆகும். பத்து பீஸ், மூன்று ஆபரேட்டர், ஆளுக்கு மூன்று முறை, பீஸ் நம்பர் தெரியாமல் போர் கேஜில் (துளையை அளக்கும் கருவி) அளக்கச் சொன்னேன். மூத்த ஆபரேட்டர் ஒருவர், "ஏனுங்க தம்பி, கேஜும் ஒண்ணுதான், பீஸும் ஒண்ணுதான், அப்புறம் அளவு எப்படீங்க மாறும்?" என்றார். மாறியது. ஆய்வு விடை, அதாவது அளப்பதால் மட்டும் வரும் வேறுபாட்டின் பங்கு, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த அளவுமுறையை நம்பலாம், முப்பதைத் தாண்டினால் நம்பக்கூடாது, எங்களுடையது தாண்டியிருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். போர் கேஜை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டி, முள் திரும்பும் இடத்தின் மிகக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். ஒருவர் ஆட்டாமலே முள் காட்டியதை எடுத்தார், அளவு பெரிதாக வந்தது. இன்னொன்று, மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தார்கள். அலுமினியத்தில் 50 மி.மீ. போர், பத்து டிகிரி சூடு ஏறினால் பதினோரு மைக்ரானுக்கு மேல் விரியும். டாலரன்ஸில் பாதி அங்கேயே போயிற்று. பீஸையும், கேஜை செட் செய்யும் செட்டிங் ரிங்கையும் ஒரே மேஜையில் ஆறவைத்து, மூவருக்கும் ஒரே மாதிரி ஆட்டப் பழக்கிய பிறகு விடை பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே இறங்கியது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நடந்த சண்டையும் குறைந்தது. அந்த வார அசைன்மென்டுக்குத் தனியாகப் படிக்கத் தேவையே இருக்கவில்லை.

தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில், மூன்று மணி நேரம். ஹாலில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், கிரெடிட்டுக்காக எழுத வந்தவர்கள். கணக்குகளில் அவர்கள் வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. கன்ட்ரோல் சார்ட்டை (அளவுகள் நேரப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று காட்டும் வரைபடம்) கொடுத்து என்ன கோளாறு என்று கேட்ட கேள்விகள் எனக்குத் தினசரி வேலை. மொத்த மார்க் 60ஐத் தாண்டியதால் எலைட் என்று போட்ட சான்றிதழ் வந்தது.

பதவி உடனே மாறவில்லை; பி.இ. கேள்விக்கு இந்தச் சான்றிதழ் விடையும் இல்லை. ஆனால் எம்எஸ்ஏ பொறுப்பு முழுக்க என்னிடம் வந்தது, ஆடிட்டில் என்னை உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். அடுத்த இன்க்ரிமென்டில் அது தெரிந்தது. வேறு கம்பெனி நேர்காணல் ஒன்றில் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "போர் கேஜில் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அரை மணி நேரம் பேசினேன்.

சேர நினைப்பவர்களுக்கு: வகுப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு, அதற்குத் தனிக் கடைசி நாள் உண்டு. பணத்தைக் கட்டிவிடுங்கள், கட்டிய பிறகுதான் வீட்டிலும் "அவர் படிக்கட்டும், விடு" என்று நேரம் ஒதுக்கித் தருகிறார்கள்.