அலைச்சறுக்குக்கு முதலில் வேண்டியது தோள்

அலைச்சறுக்கு என்றதும் பலகையின் மேல் நின்றபடி பாய்ந்து வரும் ஒருவரின் தோற்றம்தான் நம் மனத்தில் எழுகிறது. ஆனால், கற்றுக்கொள்பவர் கடலில் கழிக்கும் ஒரு மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால், நின்றிருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் தேறும். ஏறத்தாழப் பாதி நேரம் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலித்துக்கொண்டிருக்கிறோம். மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதில் போய்விடுகிறது. ஆகவே, என்னைப் போல நாற்பதை நெருங்கும் வயதில், நாள் முழுதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்த்துக்கொண்டே இதில் இறங்குபவர்கள், கால்களை விடத் தோளுக்கும் மேல்முதுகுக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கற்றுக்கொள்வது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில். மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து இங்கே வளர்த்த விளையாட்டு, இன்று அந்த ஊர் இளைஞர்கள் பலருக்குப் பிழைப்பாகவும் பெருமையாகவும் இருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி தரும் தம்பிகளில் பலர் வலையிழுத்தும் துடுப்பு வலித்தும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய தோளும் முதுகும் வேலையிலேயே உருவானவை. நமக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அதே வலுவைத் தரையிலும் நீச்சல் குளத்திலும் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேடலிங், அதாவது பலகையில் படுத்தபடி கைகளால் நீரை வலிப்பது, வெறும் கைவீச்சு அன்று. மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி பலகையில் பதிந்திருக்க, மேல்முதுகு வளைந்து மார்பும் தலையும் நிமிர்ந்திருக்க வேண்டும். சற்று முன்னே படுத்தால் பலகையின் மூக்கு நீருக்குள் குத்திக்கொள்ளும். பின்னே படுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் நீரை இழுக்கும், எவ்வளவுதான் நீரை வலித்தாலும் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை நிற்பதுதான் சரியான இடம். அந்த இடத்தில் படுத்து, பின்னால் அலை எழும்போது விடாமல் வலித்தால், முதலில் பலகையின் வால் மெல்லத் தூக்கப்படுவது தொடையில் தெரியும். பிறகு கைக்கு வேலையே இல்லாமல் பலகை தானாக ஓடத் தொடங்கும். அதன் பிறகும் இரண்டு முறை வலிக்க வேண்டும் என்பார்கள். “நிறுத்தாதீங்கக்கா, இன்னும் ரெண்டு போடுங்க” என்று பின்னாலிருந்து வரும் குரலுக்குக் கீழ்ப்படியத் தோளில் தெம்பு மிச்சமிருந்தால்தான் அலை வாய்க்கும்.

அந்தத் தெம்புக்காக வாரத்தில் பாதி நாள் நீந்துகிறேன். ஃப்ரீஸ்டைல் நீச்சலை மிஞ்சிய பயிற்சி இதற்கு இல்லை என்பது என் கருத்து. யோகாசனங்களில் புஜங்காசனமும் சலபாசனமும் ஏறக்குறைய பலகையில் படுத்திருக்கும் நிலையையே பழக்குகின்றன. எனினும், பேடலிங்கில் தோள் எப்போதும் முன்னும் உள்ளும் சுழலும் திசையிலேயே உழைப்பதால், எதிர்த்திசைத் தசைகளைப் பழக்காமல் விட்டால் தோள்மூட்டு வலிக்கத் தொடங்கிவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுக்கும் பயிற்சி பார்வைக்கு மிகச் சாதாரணமானது. என் தோளை இத்தனை காலம் காத்து வருவது அதுதான் என்று நம்புகிறேன்.

எழுந்து நிற்பதற்கு, அதாவது பாப்-அப்புக்கு, நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களின் தண்டாலும் பஸ்கியும் போதும். கைகளை விலாவின் அருகே ஊன்றி, ஒரே தள்ளலில் உடலைத் தூக்கி, முன்கால் இரு கைகளுக்கும் நடுவே வந்து விழ வேண்டும். நடுவில் முட்டி போடும் பழக்கம் வந்துவிட்டால் பின்னால் அதை விடுவது கடினம் என்பதால், மணலில் பலகையின் உருவத்தை வரைந்து அதன் மேல் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். இதில் பலருக்கும் தடையாக இருப்பது வலுக்குறைவு அன்று, இடுப்பின் இறுக்கம். நாற்காலியில் கழியும் வாழ்க்கை இடுப்பு மடிப்பைச் சுருக்கி வைத்திருக்கிறது. தினமும் சிறிது நேரம் தரையில் குந்தி உட்கார்ந்தாலே கணிசமாகத் தளர்கிறது.

தொடங்குபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய அபாயம் ஒன்று உண்டு. முதல் வகுப்பிலேயே முதுகை வளைத்தபடி நெடுநேரம் படுத்திருப்பதால், அடிபடாமலேயே தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால்கள் செயலிழக்கும் நிலை அரிதாக ஏற்படுகிறது. ஹவாயில் கண்டறியப்பட்டவர்களை வைத்து 2004-இல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அதுவும் முதல்முறை பலகை ஏறியவர்கள். முதுகில் திடீரென வலி எழுந்தாலோ கால் மரத்தாலோ உடனே கரையேறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் படுத்தே இருக்காமல் பலகையில் எழுந்து உட்கார்ந்துகொள்வது எளிய தற்காப்பு. இதை ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நீந்தத் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது. கணுக்காலில் கட்டிய லீஷ் என்னும் கயிறு பலகையை நம்மோடு வைத்திருக்கும், ஆனால் லீஷ் அறுவதும் உண்டு. விழும்போது தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது ஆழமற்ற கடலில் கழுத்தை முறிக்கும். மேலே வரும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். அலைக்கும் நமக்கும் நடுவில் பலகை நிற்கக் கூடாது. சிறிய அலை நம்மை அமுக்கி வைப்பது சில நொடிகள்தான், பதற்றமே அதை நீட்டிக் காட்டுகிறது. மூச்சடக்கிப் பழக விரும்புபவர்கள் தரையில் படுத்துப் பழகட்டும். குளத்தில் தனியாக அதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. நீருக்கடியில் நினைவு தவறும்போது முன்னறிகுறி எதுவும் தெரியாது.

கடலுக்குப் போகும் நேரம் விடியற்காலை. அப்போது கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுவதால் அலையின் முகம் மழமழவென்று இருக்கும்; முற்பகல் தாண்டிக் கடற்காற்று எழுந்ததும் நீர் கலைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே கடல் சீறும். என்னைப் போன்றவர்களுக்கு அது தரைப் பயிற்சிக்கான காலம். இந்தப் பருவத்தில் வழக்கமான தண்டாலோடு, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவதையும் கழுத்தின் பின்தசைகளுக்கான பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். மழை விட்டதும் எட்டடி நுரைப்பஞ்சுப் பலகையிலிருந்து சற்றுக் குட்டையான பலகைக்கு மாறலாம் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். குட்டைப் பலகை மிதப்புக் குறைந்தது, அதே அலையைப் பிடிக்க இன்னும் வேகமாக வலிக்க வேண்டும் என்பதால், நீச்சலின் தூரத்தையும் கூட்டி வருகிறேன்.