ஓய்வுக்குப் பிறகும் டபிள்யூ-2 வருகிறதா?

அமெரிக்காவில் வேலையை விட்டுப் போனவருக்குப் பழைய நிறுவனம் நான்-குவாலிஃபைடு (வழக்கமான வரிச்சலுகை விதிகளுக்குள் வராத) ஓய்வுத் திட்டத்திலிருந்து பணம் தரும்போது, ஓய்வூதியம்தானே என்று பலரும் ஓய்வூதியப் பணத்துக்கான 1099-ஆர் படிவத்தை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வருவது சம்பளத்துக்கான வருடாந்தரப் படிவமான டபிள்யூ-2. வரித்துறையின் கணக்கில் அது தள்ளிவைக்கப்பட்ட சம்பளம், அவ்வளவுதான். அதனால் 401(கே) என்ற நிறுவன ஓய்வுச் சேமிப்புப் பணத்தைப் போல ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக் கணக்குக்கு மாற்றவும் முடியாது.

தொகை படிவத்தில் வரிக்குரிய சம்பளத்தைக் காட்டும் 1-ஆம் பெட்டியில் வரும், 11-ஆம் பெட்டியிலும் தனியாகக் காட்டப்படும். வரி இரண்டு முறையா என்று பதற வேண்டாம். 11-ஆம் பெட்டி முக்கியமாக அரசு ஓய்வு உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்காக, இது இந்த ஆண்டு உழைத்துச் சம்பாதித்ததல்ல என்று சொல்வதற்கு. முழு ஓய்வு வயதுக்கு முன்பே அந்த உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இந்தப் பெட்டி தப்பாகப் போனால் உதவித்தொகையே குறைந்துவிடலாம்.

3, 5-ஆம் பெட்டிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், ஏனென்றால் அவை காட்டும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளை அந்தப் பணம் உங்களுக்கு உரிமையான ஆண்டிலேயே பிடித்திருப்பார்கள், அதன்பின் சேர்ந்த வட்டிக்கும் அந்த வரிகள் கிடையாது (எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த ஒரே இடம்). அப்புறம், 12-ஆம் பெட்டியில் இசட் குறியீடு இருந்தால் உடனே ஆடிட்டரைப் பாருங்கள்: தள்ளிவைக்கப்பட்ட சம்பளத்துக்கான 409ஏ என்ற வரிச் சட்டப் பிரிவை மீறியதாக அர்த்தம், வழக்கமான வரிக்கு மேல் 20 சதவீதம், வட்டி வேறு.