பொருளாளரின் பழைய பின்

அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தபோது லோக்கல் சொரோரிட்டி ஒன்றில், அதாவது அந்தக் கல்லூரிக்குள் மட்டும் இயங்கும் மாணவியர் சங்கத்தில், சேர்ந்தேன். போனில் சொன்னதும் அம்மா, "ஏண்டி, நம்மூர் மாதர் சங்கம் மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். காலேஜ் கேட்டைத் தாண்டினால் எங்களை ஒருவருக்கும் தெரியாது. சந்தா குறைவு, சட்டதிட்டம் நாங்கள் வைத்ததுதான்.

மூன்றாம் வருடம் ஆள் குறைந்து, இன்சூரன்ஸ் கட்டவே மூச்சு முட்டியது. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள நேஷனல் சொரோரிட்டி ஒன்றோடு இணைந்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. 1902ல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் அப்போது 26 சொரோரிட்டிகள் இருந்தன. அதில் ஒன்று எங்களை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. சந்தா கூடும், நம் பெயரும் பாட்டும் போய்விடும் என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். 1851ல் ஜார்ஜியாவில் தொடங்கிய ஆல்ஃபா டெல்டா பை என்ற சொரோரிட்டி கூட அரை நூற்றாண்டு ஒரே கல்லூரிக்குள் இருந்துவிட்டுத்தான் வெளியே கிளை விட்டது என்று நான் வாதாடினேன். உண்மையில் என் கணக்கு வேறு: எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் அங்கே பழைய மாணவியர் கிளை இருக்கும். ஓட்டெடுப்பில் எல்லோரும் கை தூக்கினோம். பொருளாளரும்தான்.

பிறகு படிவம் வந்தது. 'இதற்குமுன் வேறு சொரோரிட்டியில் முறைப்படி உறுப்பினரானதுண்டா?' என்ற கேள்வியில் பொருளாளர் பேனாவைக் கீழே வைத்தாள். முதல் வருடம் அவள் வேறு கல்லூரி. அங்கே அந்த 26ல் ஒன்றில் சேர்ந்து, இங்கே மாறி வந்தபோது விலகியிருந்தாள். லோக்கலில் சேர அது தடையாகவே இல்லை. ஆனால் கூட்டமைப்பில் ஒன்றில் சேர்க்கைச் சடங்கு முடித்து உறுப்பினரானால், விலகினாலும் மற்ற 25ல் ஆயுசுக்கும் இடமில்லை. சடங்குக்கு முன்பே விலகியிருந்தால் தப்பித்திருப்பாள்! ஓட்டெடுப்புக்கு முன் இதை யாரும் விசாரிக்கவில்லை, நான் உட்பட. இரண்டு வருடக் கணக்கு நோட்டு முழுக்க அவள் கையெழுத்து. மேலே எழுதிப் பார்த்தோம். விதி விதிதான் என்று பதில் வந்தது.

நேஷனலில் எங்களைச் சேர்க்கும் சடங்கு ரகசியம், உறுப்பினர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. எங்கள் லோக்கலின் சின்னமாகச் சட்டையில் குத்தியிருந்த பழைய பின்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனோம். முடிந்து வெளியே வந்தால், எங்கள் கோட்டுகளை மடியில் குவித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஸ்வெட்டரில் மட்டும் பழைய பின்.

"பீட்சா ஆறிப்போச்சு" என்றாள்.