சின்னவனின் குதிகால்

ஜூலை 6, 2025, காங்கேயம்

சின்னவனுக்கு 11 வயது. கொப்பரை காயும் சிமென்ட் களத்தில் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவன், இன்று முன்பாதத்தை மட்டும் ஊன்றி வாசற்படி ஏறியதைக் கண்ட பிறகே, கோ-கோ பயிற்சியைத் தட்டிக்கழிக்கக் குதிகால் வலியென்று சாக்குச் சொல்கிறான் என்று ஒரு மாதமாக நான் எண்ணியது தவறென்று உறைத்தது. அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. “எருக்கெலையச் சூடு பண்ணி ஒத்தடம் குடுத்தாச் செரியாப் போயிரும், சாமி” என்கிறார் அவனுடைய அம்மிச்சி, அம்மாவழிப் பாட்டி. அது அவர் தம் குதிகாலுக்குக் கண்ட வைத்தியம்.

ஜூலை 8

ஈரோட்டில் எலும்பு மருத்துவர் குதிகாலின் இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தியதும் பையன் துள்ளிவிட்டான். 1912இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் வாரன் சீவரின் பெயரால் இது ‘சீவர் நோய்’ எனப்படுகிறது. நோய் என்ற சொல்தான் வீணாக மிரட்டுகிறது. 8 முதல் 14 வயதுக்குள், குதிகால் எலும்பின் பின்முனையில் வளர்தகடு, அதாவது எலும்பு வளரும் இடம், இன்னும் குருத்தெலும்பாக இருக்கும்போது, கால் எலும்பு விரைந்து நீள, கெண்டைக்கால் தசை ஈடுகொடுக்காமல் விறைத்து, குதிகால் நாண் வழியாக அந்த இடத்தையே ஓயாமல் இழுப்பதாலும், ஓடும்போதும் தாவும்போதும் விழும் அதிர்வாலும் வலி உண்டாகிறது. ஜனவரியில் தைத்த கால்சட்டை கணுக்காலுக்கு மேலேறிவிட்டதன் பொருள் இப்போது விளங்குகிறது. எக்ஸ்ரே கேட்டேன், வலியில்லாத பிள்ளைகளுக்கும் அந்தத் தகடு துண்டுபட்டதுபோல் தெரியக்கூடும் என்பதால் இப்போது வேண்டாம் என்றார். தூக்கத்தைக் கலைக்கும் வலியோ, காய்ச்சலோ, சிவந்த வீக்கமோ கண்டால் காரணம் வேறாக இருக்கும், உடனே வர வேண்டும்.

ஜூலை 15

படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலிக்கேற்ப ஆட்டத்தைக் குறைத்தால் போதும். கோ-கோ நிறுத்தம். சைக்கிள் உண்டு, கிணற்று நீச்சலும் உண்டு, மேலிருந்து குதிக்காமல் படி வழியே இறங்கினால். வலிக்கும்போது துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 நிமிடம். காலை மாலை சுவரில் கையூன்றி, பின்காலை நீட்டி, குதிகால் தரையை விட்டெழாமல் 30 விநாடி நிற்க வேண்டும். காலுக்கு 3 முறை. வளர்கிற பிள்ளை என்று இரண்டளவு பெரிதாக நான் வாங்கிய ஷூவில் குதிகால் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது; அதை மாற்றி, இரண்டு காலுக்கும் குதிகால் மெத்தை வைத்தோம். வீட்டுக்குள்ளும் செருப்பு என்பது அம்மிச்சிக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 நிமிடம் கோ-கோ. போன வாரம் ஆசையில் ஒரு மணி நேரம் ஆடி மறுநாள் நொண்டினான், மீண்டும் குறைத்தோம். தகடு எலும்போடு கூடும் ஏறத்தாழ 15 வயதுவரை வலி திரும்பலாம், ஆனால் ஊனம் எதையும் விட்டுச்செல்லாது. இன்று கொப்பரையைப் புரட்டிவிடக் களத்துக்கு வந்தவன், செருப்போடு, குதிகால் ஊன்றியே நடந்தான்.